கொடைக்கானல் ஏறாத டஸ்டர்: டர்போவுக்குக் காசு கொடுக்கும் முன்னால்

கேள்வி: தம்பிக்கு வணக்கம். எனக்கு 61 வயது, நீடாமங்கலம் பக்கம் விவசாயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் 2014 மாடல் ரெனால்ட் டஸ்டர் டீசல், 110 பிஎஸ் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது பெரிதாகக் குறை தெரியவில்லை. போன மாதம் குடும்பத்தோடு ஐந்து பேர் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி இழுக்கவே இல்லை, இரண்டாவது கியரில் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. பின்னால் கறுப்புப் புகை. மிதித்தால் பானெட்டுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நடுவில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, நிறுத்திச் சாவியை எடுத்துப் போட்டதும் அணைந்துவிட்டது. உள்ளூர் மெக்கானிக் டர்போ போய்விட்டது, மாற்றணும் என்கிறார். திருச்சியில் ஒருவர் என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்தால் 30 குதிரை கூடும் என்கிறார். மருமகன் வித்துத் தொலையுங்கள் மாமா என்கிறார். போன வருஷம் டயரை 225/70 அளவில் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். டீசல் சில நேரம் பம்பு செட்டுக்கு வாங்கி வைத்த கேனிலிருந்து ஊற்றுவதுண்டு. நான் என்ன செய்யலாம்?

பதில்:

அண்ணே, வணக்கம். மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள், மூன்றுமே செலவு வைக்கும் யோசனை. ஆனால் அந்த மஞ்சள் விளக்கு எதற்காக எரிந்தது என்று வண்டிக் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டர்போவுக்கு, அதாவது என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமானுக்கு, இப்போது ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். டர்போ கெட்டிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. கெட்டிருக்கிறது என்பதற்கு இதுவரை யாரும் சாட்சி காட்டவில்லை, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து வண்டிகளுக்கு ஒரு தனி வியாதி உண்டு. கும்பகோணத்தில் ஆரம்பித்து வேதாரண்யம் வரைக்கும் தரை தாம்பாளம் மாதிரி இருக்கிறது, ஏற்றம் என்று சொன்னால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். என்ஜின் தன் முழுப் பலத்தையும் காட்ட வேண்டிய அவசியம் வருஷத்துக்கு ஒரு தடவைகூட வராது. எப்போதும் 1,500, 1,800 ஆர்பிஎம்மில் டாப் கியரில் உருட்டிக்கொண்டு போவோம். பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தாலும் காலுக்கு அது பழகிவிடும், கூட அரை இன்ச் மிதிப்போம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் கொடைக்கானலோ கொல்லிமலையோ போகும்போதுதான் மூன்று வருஷத்துக் குறை மொத்தமும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆகவே உங்கள் வண்டி மலையில் கெட்டுப்போகவில்லை அண்ணே, இங்கேயே கெட்டு, அங்கே போய்த் தெரிந்திருக்கிறது.

மலைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அதையும் கழித்துவிடுவோம். நீடாமங்கலத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1,000 மில்லிபார் என்றால், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் அது 800க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், ஐந்தில் ஒரு பங்கு காற்று அங்கே இல்லை. டர்போ நல்ல நிலையில் இருந்தால் அந்தக் குறையைப் பெரும்பாலும் அதுவே ஈடுகட்டிவிடும், ஓட்டுகிறவருக்கு அதிகம் தெரியாது. காற்று வழியில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் அதற்கு மேல் ஈடுகட்ட அதனிடம் சரக்கு இருக்காது.

உங்கள் வயதுக்குப் பழைய அம்பாசிடர் டீசல் ஓட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் உட்கார்ந்தாவது போயிருப்பீர்கள். அது 1,489 சிசி, 40 குதிரையைத் தொடாது. உங்கள் டஸ்டர் 1,461 சிசி, அதாவது என்ஜின் அளவில் அம்பாசிடரைவிட ஒரு முழுங்கு சிறிசு, ஆனால் 110 குதிரை, 2,250 ஆர்பிஎம்மில் 248 நியூட்டன் மீட்டர் டார்க். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போவும், டீசலை ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீய்ச்சுகிற காமன் ரெயிலும்தான் பெரும் காரணம். இந்த இரண்டில் எது கொஞ்சம் அசந்தாலும் வண்டி அம்பாசிடரை நோக்கி இறங்க ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டர் ஏதாவது தப்பைக் கண்டுபிடித்து டர்போவின் வேலையைத் தானே குறைத்துவிட்டால் அதற்கு லிம்ப் மோடு என்று பெயர், வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டு போய்ச் சேர் என்று அர்த்தம். சாவியை எடுத்துப் போட்டதும் விளக்கு அணைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அநேகமாக அதுதான் நடந்திருக்கிறது. விளக்கு அணைந்தாலும் எர்ரர் கோடு பெரும்பாலும் மெமரியில் இருக்கும், யாரும் அழிக்காமல் இருந்தால்.

டீசல் வண்டியில் நோயை முதலில் காட்டிக்கொடுப்பது புகை. கறுப்புப் புகை வந்தால் டீசல் போதுமான அளவு வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று பொருள். புகையே இல்லாமல் இழுவையும் இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை, அல்லது கம்ப்யூட்டர் கொடுக்க மாட்டேன் என்கிறது. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகினாலும் கறுப்புப் புகை வரும், அதனால் இது கல்வெட்டு இல்லை, ஆனாலும் நூறு வண்டியில் தொண்ணூறை இந்தக் கணக்கை வைத்தே எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்துவிடலாம். உங்களுக்குக் கறுப்புப் புகை, கூடவே 'ஸ்ஸ்' சத்தம். நான் காற்று வழியில்தான் தேடுவேன்.

காற்று வழி என்றால் ஏர் ஃபில்ட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். கம்பெனி மேனுவலில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு நம்ம ஊருக்குச் செல்லாது. தை மாதம் சம்பா அறுவடையில் கதிர் அறுக்கும் மிஷின் வயலில் இறங்கினால் கிளம்புகிற தூசியும் சுணையும் தெரியாதா உங்களுக்கு, ரோட்டில் நெல் காய வைத்து வைக்கோலையும் போட்டிருப்பார்கள், அதன் மேலேயே ஏறித்தான் போக வேண்டும். ஒரு அறுவடை சீசன் போனால் ஃபில்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், கோழி அடைந்த கூடு மாதிரி இருக்கும். காற்றடித்துத் தட்டிப் போடுவதெல்லாம் டிராக்டரோடு போகட்டும், காருக்குக் காகித ஃபில்ட்டர், வலுவாகக் காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், புதுசு போட்டுவிடுங்கள். அப்படியே டார்ச் அடித்து முன் கிரில்லுக்குள் இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் மூன்றின் இடுக்கிலும் பதர் அடைத்திருக்கிறதா பாருங்கள். இன்டர்கூலருக்குக் காற்று படாவிட்டால் டர்போ தருகிற சூடான காற்று ஆறாது. சூடான காற்று லேசானது, அதே இடத்தில் பிராணவாயு குறைவாகத்தான் இருக்கும். கண்டென்சர் அடைத்திருந்தால் ஏசி கம்ப்ரசர் என்ஜினிலிருந்து கூடுதல் பலத்தைத் தின்னும். உள்ளேயிருந்து வெளியே வருகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள், வாட்டர் சர்வீஸ் பையன் முழு பிரஷரில் அடித்தால் தகடு எல்லாம் மடங்கிவிடும்.

அடுத்தது அந்த 'ஸ்ஸ்'. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகிற தடித்த ரப்பர் ஹோஸ்கள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருஷ வெயிலிலும் எண்ணெய் ஆவியிலும் ரப்பர் ஊறி, கிளாம்ப் பிடிக்கிற இடத்திலோ அடிப்பக்கத்திலோ பிளந்துகொள்ளும். சும்மா ஐட்லிங்கில் பார்த்தால் தெரியாது, காற்றின் அழுத்தம் ஏறும்போது மட்டும் வாயைத் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். கையால் அமுக்கி, திருப்பி, அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதோ அங்கே சந்தேகம். உள்ளே லேசாக எண்ணெய் ஈரம் இருப்பது எல்லா டர்போ வண்டியிலும் இருப்பதுதான், அதைக் காட்டி டர்போ போயிடுச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் விவரமான பட்டறையில் ஏர் வழியை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள், பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்குகிற அதே வித்தைதான். ஹோஸ் பிளந்திருந்தால் டேப் சுற்றி அனுப்பச் சொல்லாதீர்கள், அது தஞ்சாவூர் வரைக்கும்கூடத் தாங்காது.

இதற்குப் பிறகு நான் பார்க்கச் சொல்வது எலி. சிரிக்காதீர்கள். உங்கள் 110 பிஎஸ் வண்டியில் இருக்கிற டர்போவுக்குள் காற்றின் போக்கை மாற்றுகிற சின்னச் சின்ன இறக்கைகள் உண்டு, அவற்றை ஆட்டுவிக்க சுண்டுவிரலைவிட மெல்லிசான வேக்யூம் ஹோஸ் ஓடுகிறது. குறுவை அறுத்தவுடன் வயலில் இருக்கிற எலிக்குத் தங்க இடமில்லை, மழைக்காலம் வேறு ஆரம்பிக்கும், கதகதப்பான இடம் தேடி நேராக பானெட்டுக்குள் வந்துவிடும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது, இதே புகார், இழுவை இல்லை. நான் எரிந்த புகையைத் திருப்பி அனுப்புகிற இஜிஆர் வால்வைக் கழற்றிக் கழுவினேன், இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பினேன், இரண்டு நாள் போயிற்று. எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டும்போதுதான் ஓரத்தில் நெற்கதிர் கதிராக அடுக்கி ஒரு கூடு, பக்கத்தில் கடிபட்ட ஹோஸ். டீக்காசுக்குள் முடிகிற ஒரு முழ ஹோஸ். அந்த இரண்டு நாள் கூலியை அவரிடம் நான் வாங்கவில்லை, வாங்கவும் முகமில்லை. அன்றிலிருந்து இழுவைப் புகார் வந்தால் ஸ்பானர் எடுப்பதற்கு முன்னால் டார்ச் எடுத்துவிடுவேன். வண்டியை வைக்கோல் போர் பக்கத்திலோ நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலோ நிறுத்தாதீர்கள். புகையிலை வைத்தால் எலி வராது என்பார்கள், புகையிலையையும் இழுத்துப் போட்டுக் கூடு கட்டின எலியைப் பார்த்தவன் நான்.

சரி, ஸ்கேனர். இது கட்டாயம். ஆனால் ஸ்கேனர் போட்டு எர்ரர் கோடை அழித்து, "இப்ப சரியாயிடுச்சு சார்" என்று சொல்கிற ஆளிடம் போகாதீர்கள், முதலில் என்ன கோடு என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பி0299 என்று வந்தால் டர்போ அழுத்தம் குறைவு, பி0087 என்று வந்தால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு, பி0401 என்று வந்தால் இஜிஆர் வழியாகப் போக வேண்டிய அளவு போகவில்லை. கவனியுங்கள், பி0299 வந்தால் "டர்போவை மாற்று" என்று எழுதியிருப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டினால் அது டைபாய்டு என்று சொன்னதாக ஆகுமா? ஹோஸ் பிளந்தாலும் அதே கோடுதான், எலி கடித்தாலும் அதே கோடுதான்.

கோடு பார்த்ததோடு நிறுத்தாமல் லைவ் டேட்டாவையும், அதாவது வண்டி ஓடும்போதே ஸ்கேனரில் வருகிற எண்களையும், பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது, பக்கத்து சீட்டில் ஒருவர் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார, நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து 3,500 வரைக்கும் கொண்டுபோக வேண்டும். மிதிக்காதபோது 1,000 மில்லிபாருக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றழுத்தம் முழு மிதியில் 2,000க்கு மேல் ஏற வேண்டும். அதைவிட முக்கியம், கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தம் எவ்வளவு, கிடைக்கிறது எவ்வளவு என்று இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் சேர்ந்தே போனால் காற்று வழியில் குற்றமில்லை, கிடைப்பது பின்தங்கினால் காற்று எங்கேயோ களவு போகிறது. ரெயில் பிரஷருக்கும் இதே மாதிரி இரண்டு வரி இருக்கும். இந்தப் பத்து நிமிஷச் சோதனையைச் செய்யாமல் டர்போ, இன்ஜெக்டர் என்று பேசுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால், அப்போது டர்போவையே பார்க்கலாம். இந்த இடத்திலும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நான் சொன்ன அந்த இறக்கைகள் கரி படிந்து அசையாமல் ஒட்டிக்கொள்ளும், மெதுவாகவே ஓட்டுகிற வண்டியில் இது சகஜம். வெளியே இருக்கிற கம்பியைக் கையால் அசைத்தால் பிசிறில்லாமல் போய்வர வேண்டும். ஒட்டியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ சக்கரம் சுவரில் உரசிய தழும்பு இருந்தாலோ அது போய்விட்டது, அப்போது மாற்றுங்கள். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது, மெல்லிசான ஆயில் படலத்தின் மேலேதான் மிதந்துகொண்டிருக்கிறது. டிராக்டருக்கு வாங்கின ஆயில் மீதி இருக்கிறது என்று இதில் ஊற்றிவிடாதீர்கள், மேனுவலில் சொன்ன கிரேடு மட்டும். மலை ஏறி வந்தவுடன், நெடுந்தூரம் விரட்டி வந்தவுடன், படக்கென்று ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

இஜிஆர் வால்வு அடுத்த சந்தேகம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்புகிற வால்வு, நச்சு வாயுவைக் குறைப்பதற்காக வைத்தது. அது கரி பிடித்து மூட மறுத்தால் நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் புகை போகும், இழுவையும் போகும், கறுப்பாகவும் கக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், புகைச் சோதனையில் பிரச்சினை, சில வண்டியில் அதுவே புதிதாக ஒரு எர்ரர் கோடைக் கொண்டுவரும். உங்கள் ஊரில் இந்தக் கரிக்கு ஒரு விசேஷக் காரணமும் இருக்கிறது, ரயில்வே கேட். நீடாமங்கலம் கேட்டில் நின்று பழகாத டெல்டாக்காரன் உண்டா? ஏசிக்காக என்ஜினை ஓட விட்டபடி உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் முழுவதும் அரைகுறைச் சூட்டில் என்ஜின் கரியைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. கேட் மூடினால் அணைத்துவிடுங்கள். கடைத்தெருவுக்கு மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று கிலோமீட்டர் என்று மட்டும் ஓடுகிற டீசல் வண்டிக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு கியர் குறைவாகப் போட்டு 2,500, 3,000 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டம் கொடுக்க வேண்டும். கட்டியே கிடக்கிற மாட்டை அவிழ்த்து விடுவதில்லையா, அந்த மாதிரி.

இப்போது டீசல் கேன். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் பம்பு செட் என்ஜினும் டிராக்டரும் சகித்துக்கொள்கிற டீசலை இந்த வண்டி சகிக்காது. கேனுக்குள் இராத்திரிக் குளிரில் ஈரம் வேர்த்துத் தண்ணீராக இறங்கும், மூடி சரியாக இல்லாவிட்டால் மழைத்தண்ணீர், அடியில் மண். காமன் ரெயில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகும் கூட, அதில் தண்ணீர் கலந்தால் இரும்பை இரும்பு தேய்க்கும், அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போனால் செலவு டர்போவைத் தாண்டிவிடும். டீசல் ஃபில்ட்டரை மாற்றிவிடுங்கள், மாற்றும்போது பழைய ஃபில்ட்டரில் இருக்கிறதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் தங்கினால் டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டியதுதான். ஃபில்ட்டர் அடைப்புக்கு ஒரு அடையாளம் உண்டு, மெதுவாகப் போனால் எதுவும் தெரியாது, முழுசாக மிதிக்கும்போது மட்டும் மூச்சு வாங்கும். உங்கள் விஷயத்தில் கறுப்புப் புகை வந்ததால் இது முதல் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டு வியாதி சேர்ந்து இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன. இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வந்தால் நாலையும் கழற்றுவதற்கு முன்னால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், நாலு சின்ன பாட்டிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்புகிற டீசலைப் பிடிப்பார்கள், ஒன்றில் மட்டும் அதிகமாக நிரம்பினால் அதுதான் ஆள்.

என்ஜின் பலம் கொடுத்தும் அது சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1,42,000 ஓடியிருக்கிறது, கிளட்ச் எப்போது மாற்றியது என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய உங்களுக்கு எப்படித் தெரியும்? நாலாவது கியரில் 50 கிலோமீட்டரில் போகும்போது முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் குதித்து ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. மழைக்குப் பிறகு பின் டிரம்மில் ஹேண்ட் பிரேக் பிடித்தது விடாமல் உரசிக்கொண்டே போகிற வண்டிகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து கிலோமீட்டர் போய் இறங்கி நாலு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள், ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது.

டயருக்கு வருகிறேன். கம்பெனி போட்டது 215/65 ஆர்16, அதன் விட்டம் சுமார் 686 மில்லிமீட்டர். நீங்கள் போட்டிருக்கிற 225/70 அளவுக்குச் சுமார் 721. ஐந்து சதவீதம் பெரிசு. ஒவ்வொரு கியரும் ஐந்து சதவீதம் நீளமாகிவிட்டது என்று அர்த்தம், சைக்கிளில் முன்பக்கம் பெரிய பல்சக்கரம் மாட்டி ஏற்றம் மிதிக்கிற கதை. ஸ்பீடோமீட்டரும் முன்பு காட்டியதைவிடக் குறைத்துத்தான் காட்டும். முழுக் குறைக்கும் இது காரணமில்லை, ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவன் தலையில் ஒரு மூட்டை. டயர் தேயும்வரை ஓட்டுங்கள், அடுத்த செட் பழைய அளவிலேயே வாங்குங்கள். முன்னால் இரும்புக் கம்பி கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், அதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது, பாரமும் மிச்சம்.

முந்தைய ஓனர், என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்றினாரா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றிய பிறகு இழுவை குறைந்ததாக அவர் சொன்னால் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கலாம். மாற்றவே இல்லை என்றால் இழுவைப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள், அறுந்தால் என்ஜினே போகும்.

ரீமேப் பற்றி. அந்தத் திருச்சிக்காரர் பொய் சொல்லவில்லை, நல்ல நிலையில் இருக்கிற டர்போ டீசலில் மென்பொருளை மாற்றிப் பலத்தைக் கூட்ட முடியும். ஆனால் எப்படிக் கூட்டுகிறார்கள்? டீசலைக் கூட்டி, டர்போ அழுத்தத்தைக் கூட்டி. உங்கள் வண்டி இப்போது கேட்கிற காற்றையே வாங்க முடியாமல் கறுப்பாகக் கக்குகிறது, அதனிடம் போய் இன்னும் கேள் என்றால் கிழிந்த சாக்கில் கூட ரெண்டு மரக்கால் நெல்லை அளந்து கொட்டின கதைதான். பன்னிரண்டு வருஷ டர்போ, பழைய கிளட்ச், எல்லாம் சேர்ந்து போகும். வண்டியின் அமைப்பை மாற்றினால் இன்சூரன்ஸ் கிளைமில் கேள்வி வரும் என்பதும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், அது பலம் எதுவும் கூட்டாது, கால் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக என்ஜினிடம் சொல்கிறது, அவ்வளவுதான். டேங்கில் ஊற்றுகிற பாட்டில் மருந்துகளைப் பற்றி என் அபிப்பிராயம், அந்தக் காசுக்கு ஒரு டீசல் ஃபில்ட்டர் வாங்கலாம்.

மருமகன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, பழைய டீசல் வண்டிக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் நினைத்திருப்பார். டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குப் போட்ட தடை இங்கே கிடையாது. நம்ம ஊரில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், உங்களுக்கு 2029 வரை இருக்கிறது, அதற்குப் பிறகும் சோதனை செய்து காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். இந்த நிலையில் விற்றால் வாங்குகிறவன் முதல் ஓட்டத்திலேயே புகையைப் பார்த்து விலையை அடிப்பான். சரிசெய்து ஆறு மாதம் ஓட்டிவிட்டு விற்பதா வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்கிற கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து நாலு சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் மருமகன் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆகவே இந்த வாரம் ஏர் ஃபில்ட்டர், டீசல் ஃபில்ட்டர் இரண்டையும் மாற்றி, ஒரு டார்ச் எடுத்து ஹோஸ்களையும் எலிக் கூட்டையும் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்கேனருக்குப் போங்கள். வந்த கோடுகளையும், முழு மிதியில் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும், பாட்டிலில் தண்ணீர் தங்கியதா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள், அடுத்தது என்ன என்று சொல்கிறேன். எந்த ஹோஸை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள், பிளவு எங்கே என்று உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் கேனை மட்டும் இன்றைக்கே எடுத்து பம்பு செட் கொட்டகையில் வைத்துவிடுங்கள் அண்ணே.